பஃபலோவுக்கு மூன்று நிறம்: எந்த பெயிண்ட் எதோடு சேரும்?

சுங்கை பட்டாணிக்காரர்கள் விமான மாடல் கட்ட ஆரம்பித்தால் என்றைக்காவது பஃபலோ என்ற போர்விமானத்தில் வந்து நிற்பார்கள். 1941 டிசம்பர் 8 காலையில் நம் ஊர் விமானத் தளத்தின்மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது அங்கே இருந்தவை ஆஸ்திரேலிய விமானப்படை 21ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவின்) புரூஸ்டர் பஃபலோக்களும் ஆர்ஏஎஃப் என்ற பிரிட்டிஷ் விமானப்படையின் 27ஆம் ஸ்குவாட்ரனின் பிளென்ஹைம் விமானங்களும்தான். ஸ்பிட்ஃபயரை உலகம் முழுக்கக் கட்டுகிறார்கள். பஃபலோவைக் கட்ட நமக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது.

ஜப்பானியக் கம்பெனி டமியாவின் 1/48 கிட் (அசலின் 48இல் ஒரு பங்கு அளவு) 1970களில் வந்த பழைய அச்சு. இருந்தாலும் பாகங்கள் பெரிதாக வம்பு செய்யாமல் பொருந்தும். வம்பு பெயிண்டில்தான். மேலே டார்க் எர்த் என்ற பழுப்பும் டார்க் கிரீன் என்ற பச்சையும் வளைந்து வளைந்து வரவேண்டும். அடியில் ஸ்கை, அதாவது சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு வெளிறிய நிறம். மூன்றே மூன்று நிறம். ஆனால் டமியா கிட்டின் கையேடு டமியா எண்களை மட்டும்தான் சொல்லும். நம் பட்டணத்தில் அந்தப் பாட்டில்கள் மூன்றும் ஒரே நாளில் ஒரே கடையில் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். ஒன்று இங்கே கிடைக்கும், ஒன்றுக்கு பட்டர்வொர்த் வரை ரயிலேறி அங்கிருந்து ஃபெரியில் பினாங்கு போகவேண்டும், ஒன்றை ஷாப்பியில் போட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். அப்போது எல்லாரும் செய்வது என்ன? இந்தக் கம்பெனியின் இந்த எண்ணுக்கு அந்தக் கம்பெனியின் அந்த எண் சமம் என்று சொல்லும் ஒப்பீட்டு அட்டவணையைத் தேடிப்போவது.

அட்டவணையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கடைக்குப் போகும்போது கையில் வைத்துக்கொள்ளும் சீட்டு, அவ்வளவுதான். அதில் 'சமம்' என்று போட்டிருப்பதெல்லாம் பெயரால் சமம். நிறத்தால் சமமா என்பதை நாம்தான் பார்க்கவேண்டும். பார்க்கும்போதும், தனித்தனியாக ஒவ்வொரு நிறமும் சரியா என்று பார்ப்பதைவிட, பழுப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் சரியா என்று பார்ப்பதே முக்கியம் என்பது என் கட்சி. கண் ஒற்றை நிறத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை உடனே பிடித்துவிடும்.

எண்களின் கதை

பாட்டில்களில் பிஎஸ் 450, பிஎஸ் 641, பிஎஸ் 210 என்று எண்கள் இருக்கும். இவை பிஎஸ் 381சி என்ற பிரிட்டிஷ் தர வரிசையில் முறையே டார்க் எர்த், டார்க் கிரீன், ஸ்கை. அமெரிக்க விமானங்களுக்கு எஃப்எஸ் 595 என்ற வேறொரு வரிசை; அது 1956இல் வந்தது. அதில் ஐந்திலக்க எண்ணின் முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்லும்: 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் அரைப் பளபளப்பு, 3 என்றால் மட்டம், அதாவது பளபளப்பே இல்லாதது. ஆகவே 34079ஐயும் 14079ஐயும் வேறு வேறு நிறம் என்று குழம்பவேண்டியதில்லை.

ஆனால் 1941இல் பறந்த ஒரு விமானத்துக்கு பிஎஸ் 381சி எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. போர்க்காலத்து ஆர்ஏஎஃப் நிறங்கள் முதலில் பெயரால்தான் அறியப்பட்டன. இன்று பாட்டிலில் நாம் படிக்கும் பிஎஸ் எண்கள் அவற்றுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. இன்னொன்று, பஃபலோ அமெரிக்காவில் கட்டப்பட்டது. பிரிட்டனுக்காக அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கட்டப்பட்ட பல விமானங்களுக்கு அந்த நாட்டுப் பெயிண்ட் கம்பெனிகள் தயாரித்த 'ஏறக்குறைய அதே நிறம்' தான் பூசப்பட்டது. அசலே ஒரு ஒப்பீட்டு அட்டவணையின் வழியாகத்தான் வந்திருக்கிறது என்றால், நாம் இங்கே ஒரு சொட்டு மஞ்சள் கூடிப்போச்சு என்று தூக்கம் கெடவேண்டியதில்லை.

ஸ்கை நிறத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1940 ஜூனில் ஆர்ஏஎஃப் போர்விமானங்களின் அடிப்பகுதியை ஸ்கைக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. டப்பாக்கள் போதாமல், கையில் கிடைத்ததைக் கலந்து அடித்தார்கள். சிலது நீலம் ஓங்கி, சிலது பச்சை ஓங்கி வந்தது. பஃபலோக்கள் இங்கே வந்தது 1941இல் என்பதால் அந்தக் குளறுபடி இவற்றுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் 'சரியான ஸ்கை' என்று அடித்துப் பேசுகிறவரைப் பார்த்தால் நான் கொஞ்சம் தள்ளியே உட்காருவேன்.

டமியா அக்ரிலிக்

10 மில்லி கண்ணாடிப் பாட்டில். ஆல்கஹால் சேர்ந்த அக்ரிலிக்; அதை நீர்க்கவைக்கும் சொந்தத் தின்னர் எக்ஸ்-20ஏ. காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷில் பாதிக்குப் பாதி கலந்து அடித்தால் தகராறு செய்யாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு கழுவிவிடலாம். அது நம் ஊர் ஃபார்மசியிலேயே கிடைக்கும். மூன்று நிறத்துக்கும் வழக்கமாகக் கைகாட்டப்படும் எண்கள்: டார்க் கிரீனுக்கு எக்ஸ்எஃப் 81, டார்க் எர்த்துக்கு எக்ஸ்எஃப் 52, ஸ்கைக்கு எக்ஸ்எஃப் 21.

எக்ஸ்எஃப் 81 நல்ல பாட்டில். டமியா இதை ஆர்ஏஎஃப் டார்க் கிரீன் என்று குறிப்பிட்டே விற்கிறது. இது வருவதற்கு முன்னால் பலர் எக்ஸ்எஃப் 61ஐ வைத்து ஒப்பேற்றினார்கள். அது பொதுவான ஒரு கரும்பச்சை. பஃபலோமேல் பூசினால் பழுப்புக்குப் பக்கத்தில் கன்னங்கரேலென்று உட்கார்ந்துகொள்ளும். பழைய அட்டவணைகளில் இன்னமும் 61 என்றே இருக்கிறது. அட்டவணை எந்தக் காலத்தில் போட்டது என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

எக்ஸ்எஃப் 52 ஆர்ஏஎஃபுக்கென்று கலக்கியதில்லை. 'ஃப்ளாட் எர்த்', அதாவது பளபளப்பில்லாத மண் நிறம் என்ற பொதுப் பெயரோடு வரும், டாங்கி கட்டுகிறவர்களும் வாங்கும் பாட்டில். என் கண்ணுக்கு இதில் மஞ்சள் போதாது. டார்க் எர்த்தில் ஒரு மஞ்சள் சாயல் உண்டு. நம் தோட்டத்துச் செம்மண் பாதையை நினைத்துக்கொண்டு டார்க் எர்த்தைத் தேடினால் ஏமாறுவோம். அது இங்கிலாந்தின் உழுத வயலுக்கும் வேலிச்செடிக்கும் மேலே மறைவதற்காக வகுத்த நிறம், பீடோங் பக்கத்து மண்ணுக்காக இல்லை. 52இல் கொஞ்சம் எக்ஸ்எஃப் 59 பாலைவன மஞ்சளைச் சேர்த்தால் நெருங்கி வரும். கொஞ்சம் என்றால் பத்துக்கு ஒன்று, ஒன்றரை. அதற்குமேல் போனால் ஆப்பிரிக்காவில் பறந்த விமானம் மாதிரி ஆகிவிடும்.

எக்ஸ்எஃப் 21 தான் இந்தக் குடும்பத்தில் பலவீனமானது. பச்சை ஓங்கி நிற்கிறது. எக்ஸ்எஃப் 2 வெள்ளை சேர்த்து வெளுக்கலாம். ஆனால் வெள்ளை வெளிச்சத்தைக் கூட்டுமே தவிர பச்சையின் சாயலை மாற்றாது. வெளிறிய பச்சையாகத்தான் வரும். அடிப்பகுதிதானே, யார் கவிழ்த்துப் பார்க்கப்போகிறார்கள் என்றால் அதுவும் ஒரு நியாயம்தான். ஆனால் மூக்கின் பக்கவாட்டிலும் இறக்கையின் ஓரத்திலும் மேல்நிறமும் அடிநிறமும் சந்திக்கும் கோடு கண்ணுக்குப் பட்டே தீரும்.

மிஸ்டர் கலர், அதன் தம்பி அக்வஸ்

ஜிஎஸ்ஐ கிரியோஸ் கம்பெனியின் மிஸ்டர் கலர், லாக்கர் வகை; அதாவது கடுமையான கரைப்பானில் வரும், சட்டென்று காயும் பெயிண்ட். இதில் ஒரு வேடிக்கை: ஒரே கம்பெனிக்குள்ளேயே ஒரே பெயருக்கு இரண்டு பாட்டில். பழைய வரிசையில் டார்க் எர்த் சி 22, டார்க் கிரீன் சி 23, டக் எக் கிரீன் (ஸ்கையின் இன்னொரு பெயர்) சி 26. பிற்பாடு பிஎஸ் எண்ணைக் குறிப்பிட்டு வந்த வரிசையில் டார்க் எர்த் சி 369, டார்க் கிரீன் சி 361, ஸ்கை சி 368. பழையதும் புதியதும் ஒன்றில்லை. சி 26ஐயும் சி 368ஐயும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பாருங்கள். 26இல் பச்சை தெரியும், 368 சாம்பல் பக்கம் சாயும். ஒரே வீட்டுப் பாட்டில்களே ஒத்துப்போகாதபோது, ஜப்பான் பாட்டிலுக்கும் ஸ்பெயின் பாட்டிலுக்கும் நடுவே சமக்குறி போட்டிருக்கும் அட்டவணையை எவ்வளவு நம்புவது?

369, 361, 368 இந்த மூன்றையும் நான் முதலிடத்தில் வைக்கிறேன். ஒவ்வொன்றும் தனியாக அசலுக்கு மிக நெருக்கம் என்பதால் மட்டும் இல்லை. ஒரே தர வரிசையைக் குறிவைத்துக் கலக்கியவை என்பதால் பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவிலுள்ள இடைவெளி சரியாக விழுகிறது. இரண்டிலும் கருமை ஏறக்குறைய ஒரே அளவு, சாயலில்தான் பிரிகின்றன. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் பஃபலோவின் மேல்பக்கத்து இரண்டு நிறங்களும் பல இடங்களில் பிரித்தறிய முடியாமல் கலந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியிருக்க, மாடலில் பழுப்பு பளீரென்று வெளுத்தும் பச்சை கறுத்தும் நின்றால், பாட்டில் எண் எதுவானாலும் அது தப்பு.

சரி, இவ்வளவு நல்லதென்றால் எல்லாரும் ஏன் வாங்குவதில்லை? முதலாவது நாற்றம். லாக்கர் தின்னர் ஆவியை மூடிய அறையில் சுவாசிக்கக்கூடாது. தாமான் வீட்டின் பின்கட்டில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் இது சரிப்படாது. கரிம ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். மருந்துக்கடையில் வாங்கும் துணி மாஸ்க் தூசியைத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. இரண்டாவது, தீப்பற்றும் சரக்கு என்பதால் கூரியர்காரர்கள் யோசிப்பார்கள். தீபகற்பத்துக்குள் லாரியில் வந்துவிடும். சபா, சரவாக் நண்பர்களுக்கு இது பெரிய தலைவலி.

மூன்றாவது நம் ஊர்க் காற்று. லாக்கர் சட்டென்று ஆவியாகும்போது பூசிய இடத்தின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு குளிர்கிறது. மாலை மழைக்கு முன்னால் காற்றில் ஈரம் கனத்திருக்கும் நேரத்தில் அந்தக் குளிர்ந்த பரப்பில் ஈரம் படிந்து பெயிண்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். விளைவு, டார்க் கிரீன்மேல் வெள்ளைப் புகை படர்ந்தது போல ஒரு படலம். நிறம் தப்பிவிட்டதென்று நினைத்து வேறு கம்பெனிக்குத் தாவுகிறவர்கள் உண்டு. தப்பு நிறத்தில் இல்லை. மெதுவாகக் காயவைக்கும் ரிட்டார்டர் கலந்த மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போட்டு, ஒரு பங்கு பெயிண்டுக்கு இரண்டு பங்கு தின்னர் கலந்து, காலை வெயில் ஏறிய பிறகு அடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி மாதங்கள் லாக்கருக்கென்றே வந்தவை. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைக்கும் கட்டுகிற வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

அக்வஸ் என்பது இதே கம்பெனியின் அக்ரிலிக் வரிசை. டார்க் எர்த் எச் 72, டார்க் கிரீன் எச் 73, ஸ்கை எச் 74. டமியா அக்ரிலிக்கோடு தாராளமாகக் கலக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். டமியாவின் பச்சையை வைத்துக்கொண்டு ஸ்கைக்கு மட்டும் இதற்குத் தாவலாம். ஒரே தின்னர், ஒரே கழுவல். எச் 74 தானும் கொஞ்சம் பச்சைதான், ஆனால் எக்ஸ்எஃப் 21 அளவுக்கு அடம்பிடிக்காது.

வலேஹோ

ஸ்பெயின் நாட்டுச் சரக்கு. மாடல் ஏர் வரிசை 17 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் சொட்டுமுனையோடு வரும். மில்லிக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டால் பத்து மில்லி பாட்டில்களைவிடப் பல நேரம் மலிவாக முடியும். நாற்றமே இல்லை. தண்ணீரில் கழுவலாம். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். பழைய அட்டவணைகள் டார்க் எர்த்துக்கு 71.029, ஸ்கைக்கு 71.009 என்று காட்டும். நிறத்தில் பெரிய குறை சொல்ல மாட்டேன். பழுப்பு நன்றாகவே இருக்கிறது.

ஆனால் இதை மற்றதோடு ஒப்பிடும்போது இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். நீர்ச்சாயம் ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தபின் அதைவிடச் சற்றுக் கருத்த இன்னொரு நிறம். மூடியைத் திறந்து பாட்டிலுக்குள் எட்டிப்பார்த்து ஒப்பிடுவதில் பிரயோசனமே இல்லை. இரண்டாவது, இது டமியாவோடு கலக்காது. ஆல்கஹால் தின்னரை இதில் ஊற்றினால் கெட்டியாகித் திரண்டு ஏர்பிரஷின் தொண்டையை அடைத்துக்கொள்ளும். அதனால் 'வலேஹோ பழுப்பில் ஒரு சொட்டு டமியா மஞ்சள்' என்ற வித்தை இங்கே கிடையாது. சரிசெய்வதென்றால் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே செய்யவேண்டும். நம் சூட்டில் ஊசிமுனையில் காய்ந்து அடைப்பதும் உண்டு. ஓட்டம் கூட்டும் திரவம் இரண்டு சொட்டு சேர்த்துக்கொண்டால் சமாளிக்கலாம். பிரஷால் பூசுகிறவர்களுக்கு இதே கம்பெனியின் மாடல் கலர் வரிசை அருமை. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஹம்ப்ரால்

14 மில்லி தகர டப்பாவில் வரும் எனாமல் பெயிண்ட். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் இதைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். "தம்பி, இவனுங்கதானே அந்தக் காலத்துல இருந்து ஆர்ஏஎஃப் கலர் போடுறான், மத்தவனெல்லாம் நேத்து வந்தவன்" என்பார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஹம்ப்ரால் 1919இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் எண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய கம்பெனி. டார்க் எர்த் 29, டார்க் கிரீன் 163, ஸ்கைக்கு 90 என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் எண்கள்.

29 உண்மையிலேயே நல்ல டார்க் எர்த். மஞ்சள் சாயல் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 29 பளபளப்பில்லாத மட்டப் பூச்சு, 163 அரைப் பளபளப்பான சாட்டின் பூச்சு. ஒன்று வெளிச்சத்தைச் சிதறடிக்கும், ஒன்று கொஞ்சம் மினுக்கும். மட்டம் எப்போதும் வெளுத்துத் தெரியும். மினுக்கு எப்போதும் கருத்து, ஆழமாகத் தெரியும். ஆகவே இரண்டையும் பூசிவிட்டு அப்படியே பார்த்தால் இடைவெளி பொய்யாகப் பெரிதாகும். மேலே ஒரே வார்னிஷ் போர்த்திய பிறகுதான் தீர்ப்புச் சொல்லவேண்டும். இதைச் செய்யாமலே "163 ரொம்பக் கருப்பு" என்று ஒதுக்கியவர்கள் நிறைய.

எனாமல் ஒயிட் ஸ்பிரிட்டில் கரையும், நம் ஈரக்காற்றைப் பற்றிக் கவலைப்படாது, பிரஷ் தடம் தெரியாமல் தானாகச் சமமாகிக்கொள்ளும். ஆனால் ஒரு கோட்டு காய ஒரு நாள் விட்டுவிடவேண்டும், அதுவரை தூசி வந்து ஒட்டாமல் மூடி வைக்கவேண்டும். கிராணி ஐயாவுக்கு நேரம் இருக்கிறது. மூன்று ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகளுக்கு இருக்குமா?

கார் பெயிண்ட் கடை

இதை யாரும் அட்டவணையில் போடுவதில்லை. ஆனால் தோட்டப் பட்டணம் எதிலும் ஒன்றிரண்டு இருக்கும். காரின் கதவைக் கொண்டுபோய்க் காட்டினால் கருவியை வைத்து அளந்து அதே நிறம் கலந்து, வேண்டுமானால் ஸ்பிரே டப்பாவிலேயே அடைத்துக் கொடுக்கிறார்கள். நல்ல நிற மாதிரி ஒன்று கையில் இருந்தால், நிறப்பொருத்தம் என்ற ஒரே விஷயத்தில் மற்ற எல்லாரையும் இது தோற்கடிக்கக்கூடும். தவுக்கேயிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே செய்து கொடுப்பார். ஆனால் அவர் கலக்கும் குறைந்தபட்ச அளவில் ஒரு ஸ்குவாட்ரன் முழுக்கவே பூசலாம். கரைப்பானும் கடுமையானது, பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாத வெறும் பிளாஸ்டிக்மேல் பட்டால் அரித்துவிடும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நிறத்துக்குப் பணம் போட்டால் இது கட்டுப்படியாகும். ஹார்ட்வேர் கடையில் தொங்கும் பைலாக்ஸ் ஸ்பிரேயை இதோடு சேர்க்காதீர்கள். பளபளப்பான வீட்டு நிறங்களுக்கு அது சரி. டார்க் எர்த் அங்கே கிடையாது.

எப்படி ஒப்பிடுவது

பாசார் மாலாமில் ஐஸ் கச்சாங் விற்கிறவர்கள் வாங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டி ஒரு கட்டு போதும். முதுகுப்பக்கம் வளைந்திருப்பதால் விமான உடல் மாதிரியே வெளிச்சத்தை வாங்கும். எல்லாக் கரண்டிக்கும் ஒரே சாம்பல் பிரைமர். பிறகு ஒவ்வொரு கரண்டியிலும் பாதி பழுப்பு, பாதி பச்சை. தனித்தனிக் கரண்டியில் தனித்தனி நிறம் அடித்தால் இடைவெளி தெரியாது. அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரே மட்ட வார்னிஷ். பின்பக்கம் எண்ணை எழுதிவிடுங்கள்.

பார்க்கும் வெளிச்சம் இன்னும் முக்கியம். இரண்டு கம்பெனி ஒரே நிறத்தை வேறு வேறு நிறமிகளால் கலக்கும்போது, ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்தவை இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துபோகும். பழுப்பும் சாம்பல்பச்சையும் இதற்குப் பேர்போனவை. அறையின் எல்இடி விளக்கில் இரட்டைப் பிறவியாக இருந்த இரண்டு டார்க் எர்த், வாசலுக்குக் கொண்டுவந்தால் ஒன்று சிவந்தும் ஒன்று பசுத்தும் நிற்கும். ஆகவே மாடலை அலமாரியில் எந்த விளக்கின்கீழ் வைக்கப்போகிறீர்களோ அங்கே ஒருமுறை, பகல் நிழலில் ஒருமுறை பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒத்தால்தான் பொருத்தம். இன்னொன்று, செம்பனையை ஒட்டிய வீடென்றால் வாசல் நிழலும் ஏமாற்றும். இலைகளில் பட்டு வரும் வெளிச்சமே பச்சை. அதில் வைத்து ஸ்கையைத் தேர்ந்தெடுத்தால் எல்லா ஸ்கையும் பச்சையாகத்தான் தெரியும். வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில், மரத்தை விட்டுத் தள்ளி வந்து பாருங்கள்.

கைபேசியில் படம் எடுத்து ஒப்பிடுவது வீண். கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்து நிறத்தை மாற்றிவிடும். கையடக்க நிறமானி வைத்திருப்பவர்கள் டெல்டா ஈ என்று ஒரு எண் சொல்வார்கள். இரண்டு நிறத்துக்கும் உள்ள தூரம் அது. 1க்குப் பக்கத்தில் இருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதே கஷ்டம். நல்ல கருவிதான், ஆனால் அது அளப்பது அந்தக் கருவியின் சொந்த விளக்கில். கரண்டி வேலையை அது குறைக்கும், நிறுத்தாது.

அளவுக்கேற்ற வெளுப்பு என்று ஒரு விவாதம் உண்டு. சின்ன மாடலைத் தூரத்தில் நிற்கும் விமானமாக எண்ணினால், இடையிலுள்ள காற்று நிறத்தை வெளுப்பாக்கும். அதனால் 1/72க்கு 15 சதவீதம், 1/48க்கு 10 சதவீதம் வெள்ளை சேர்க்கவேண்டும் என்பது அந்தக் கணக்கு. நான் கணக்கைக் கறாராகப் பிடிப்பதில்லை. சேர்ப்பதென்றால் பழுப்புக்கும் பச்சைக்கும் ஒரே விகிதத்தில் சேருங்கள். ஒன்றுக்கு மட்டும் சேர்த்தால் நான் மேலே சொன்ன இடைவெளி கெட்டுவிடும். அதேபோல, மலாயா வெயிலில் வெளுத்துப்போன பஃபலோ என்று சொல்லிக் கண்டபடி வெளுக்கவும் வேண்டாம். 1941 தொடக்கத்தில் இங்கே வந்தவை 1942 பிப்ரவரிக்குள் கதை முடிந்தவை. முழுதாக ஒரு வருஷ வெயில்கூடப் படவில்லை.

யாருக்கு எது

தனியறையும் நல்ல முகமூடியும் காற்றை வெளியே தள்ளும் விசிறியும் இருந்தால் மிஸ்டர் கலர் 369, 361, 368. மூன்றையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள். இரண்டு வந்து ஒன்று வராவிட்டால் காத்திருங்கள், வேறு கம்பெனியால் நிரப்பாதீர்கள்.

வீட்டுக்கூடத்தின் மூலையில் ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களுக்கு, நம் பக்கத்தில் பெரும்பாலானோர் இப்படித்தான், டமியா எக்ஸ்எஃப் 81, மஞ்சள் சேர்த்த எக்ஸ்எஃப் 52, அடியில் மட்டும் அக்வஸ் எச் 74. கம்பெனி கலந்தாலும் மேல்பக்கத்து ஜோடி ஒரே குடும்பம். தாவுவது அடிநிறத்துக்கு மட்டும். அடிநிறம் மேலேயுள்ள இரண்டோடும் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அங்கே சின்ன வித்தியாசம் உறுத்தாது. கம்பெனி கலக்கவே வேண்டிவந்தால் ஸ்கையில் கலங்கள், பழுப்பு பச்சை ஜோடியை உடைக்காதீர்கள்.

முதல் மாடல் கட்டும் பிள்ளைகளுக்கு வலேஹோவும் ஒரு நல்ல பிரஷும். பொறுமைசாலிகளுக்கு ஹம்ப்ரால், கிராணி ஐயாவின் ஆசீர்வாதத்தோடு.

அடுக்கும் வரிசையில் ஒரு எச்சரிக்கை. லாக்கரை முதல் பூச்சாகப் போடலாம். நன்றாகக் காய்ந்த லாக்கர்மேல் அக்ரிலிக்கோ எனாமலோ வரலாம். எனாமல்மேல் லாக்கர் அடித்தால் அடியில் உள்ளது சுருண்டு எழும். விமானத்தின் மேல்பக்கத்துக்கு ஹம்ப்ரால், அடிப்பக்கத்துக்கு மிஸ்டர் கலர் என்று கலப்பவர்கள் எது முதலில் என்பதைத் தீர்மானித்துவிட்டு மூடியைத் திறக்கவேண்டும்.

கலந்து செய்யும் நிறம் எதுவானாலும், முழு விமானத்துக்கும் தேவைப்படுவதைப்போல இரண்டு மடங்கு ஒரே தடவையில் கலந்து, மீதியைக் காற்றுப் புகாத சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, விகிதத்தை மேலே எழுதி வையுங்கள். டீக்கால் (சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டி முடித்த பிறகு இறக்கையில் எங்கோ ஒரு கீறல் விழும். அப்போது எக்ஸ்எஃப் 52இல் எத்தனை சொட்டு மஞ்சள் விட்டோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.